எல்லா விதைக்கும் வெந்நீரா? காட்டு மரக் கன்று வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற ஊர்களில் தோட்டத்து வேலை தெரிந்தவர்களுக்குப் பியுரேரியா கொடி புதிதல்ல. ரப்பர் கன்றுகளுக்கு நடுவே மண்ணை மூட அதை விதைப்பார்கள். விதைக்கும் முன் வெந்நீரில் ஊறவைப்பார்கள். அதே கைப்பழக்கத்தில் மெரந்தி என்ற காட்டு மரத்தின் விதையையும் வெந்நீரில் போட்டால் ஒன்றுகூட முளைக்காது. தண்ணீரை உள்ளே விடாத கெட்டித்தோல் விதைக்குத்தான் வெந்நீர். மெரந்தி, கெருயிங், செங்கால், காப்பூர் ஆகிய காட்டு மரங்களுடையவை எல்லாம் ஈரம் நிறைந்த விதைகள், வெந்தே போகும்.

எந்த ரகம் என்று தெரியவில்லையா? பத்து விதையைப் பச்சைத் தண்ணீரில் ஓர் இரவு போட்டு வையுங்கள். காலையில் உப்பாமல் கல்லாகக் கிடந்தால் தோல் கெட்டி.

மஞ்சாடி அப்படித்தான். 2019இல் நம் தேசிய மரமாக அறிவிக்கப்பட்ட மெர்பாவும் அப்படித்தான். மெர்பாவ் விதை பெரியது, அரத்தால் ராவுவதே நல்லது. ஆனால் பலர் தவறான இடத்தில் ராவுகிறார்கள். காயோடு ஒட்டியிருந்த தழும்பின் பக்கம்தான் முளைக்கரு இருக்கும். அங்கே கை வைக்கக் கூடாது. எதிர்ப்புறம் ராவி, கரும்பழுப்புத் தோலுக்கடியில் வெளிறிய பருப்பு ஊசிமுனை அளவு தெரிந்ததும் நிறுத்திவிட்டு, ஒரு நாள் ஊறவிடுங்கள். உப்பியவற்றை அன்றே விதையுங்கள், மறுபடி காயவிட்டால் செத்துவிடும். உப்பாததை இன்னும் கொஞ்சம் ராவலாம்.

சிறிய விதைகளுக்கு வெந்நீர் போதும். அடுப்பில் விதையோடு கொதிக்கவிடாதீர்கள். தண்ணீர் கொதித்ததும் இறக்கி வைத்து, விதையைப் போல் ஐந்து முதல் பத்து மடங்கு நீரில் கொட்டி, இரவு முழுக்க ஆறவிடுங்கள். தண்ணீர் குறைந்தால் சூடு உடனே தணிந்து தோல் இளகாது. தோலை இளக்க அமிலத்தை வீட்டில் தொடவே வேண்டாம். ரப்பர் பால் உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலம் இதற்கானதும் அல்ல. ஆய்வுக்கூடங்களில் பயன்படுத்தும் அடர் கந்தக அமிலம் கையையே பொசுக்கிவிடும்.

மிதக்கும் விதை சொத்தை என்று கொட்டிவிடுவதும் எப்போதும் சரியல்ல. புன்னங்கொட்டை கடலில் மிதந்து பரவும் விதை. நல்ல கொட்டையே மிதக்கும். அதற்கு வேண்டியது மேலோட்டை உடைப்பதுதான். முழு ஓட்டோடு முளைக்க ஏறக்குறைய 57 நாள், ஓட்டில் விரிசல் விட்டால் 38, முழுதும் நீக்கினால் 22. சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள், பருப்பு நசுங்கக் கூடாது.

மனம் நோகவைப்பது மெரந்தி வகைகளுக்கு நேரும் கதிதான். கூட்டமாகக் காய்ப்பது பல ஆண்டுக்கு ஒருமுறை. அந்த விதையைப் பொறுக்கி வந்து வெயிலில் உலர்த்துகிறார்கள். இல்லையென்றால் குளிர்பெட்டியில் வைக்கிறார்கள். இரண்டுமே அதைக் கொன்றுவிடும். வாய் கட்டிய பிளாஸ்டிக் பையில் புழுங்கியும் அழுகும். ஈர மரத்தூளில் காற்றோட்டமாக எடுத்து வந்து, இறக்கைகளைக் கிள்ளிவிட்டு, ஓரிரு நாளிலேயே விதையைப் படுக்கவைத்துப் பாதி மட்டும் மண்ணில் புதையுங்கள். மேலே நிழல்வலை இருக்கட்டும்.