வங்கிக் கொள்முதல்: மலிவாக வாங்கி நஷ்டப்படும் தவறுகள்

நான் வேலை பார்த்த ஒரு கிளையில் கரண்ட் போனால் யூ.பி.எஸ். நான்கு நிமிடம்கூடத் தாங்காது. பேட்டரி மாற்றி ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. முதியோர் உதவித்தொகைக்காக வந்த பாட்டிகள் வராந்தாவில் உட்கார்ந்துவிடுவார்கள். பாதி அச்சடித்த பாஸ்புக் பிரிண்டரிலேயே மாட்டிக்கொண்டு நிற்கும். கோப்பைப் புரட்டினேன். மூன்று விலைப்புள்ளிகளில் குறைந்ததற்கே ஆர்டர் போயிருந்தது. விதிமீறல் எதுவும் இல்லை.

குறைந்த விலை சொன்னவருக்கே ஆர்டர் தரும் எல்-1 முறையில் தவறில்லை. எதன் விலையை ஒப்பிடுகிறோம் என்பதில்தான் கோட்டை விடுகிறோம். பேட்டரி விலையை மட்டும் பார்க்காமல், எத்தனை வருடம் உழைக்கும், பழுதானால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வருவார் என்பதையும் சேர்த்து ஐந்தாண்டுச் செலவாகப் போட்டுப் பாருங்கள். எல்-1 யார் என்பதே மாறிவிடலாம். பழைய பேட்டரியைக் காயலான் கடையில் போடுவது இன்னொரு தவறு. அதில் இருப்பது ஈயமும் அமிலமும். 2022ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகளின்படி, பயன்படுத்திய பேட்டரிகளைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு உற்பத்தியாளருக்கு உண்டு. ஆர்டரிலேயே அதை எழுதி வாங்குங்கள்.

ஏ.டி.எம்.மில் பணம் நிரப்பும் ஒப்பந்தமும் அப்படித்தான். மாதத்தில் பத்து மணி நேரத்துக்கு மேல் பணமில்லாமல் கிடந்தால் ஒரு ஏ.டி.எம்.முக்கு 10,000 ரூபாய் அபராதம் என்று 2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கி விதி கொண்டுவந்தது. கட்ட வேண்டியது வங்கி. ஏஜென்சியிடம் அதை வசூலிக்க ஒப்பந்தத்தில் வழி வைத்தோமா?

அப்புறம், எல்லாவற்றுக்கும் ஒரே வெண்டரை நம்புவது. 2024 ஜூலை இறுதியில், சிறு வங்கிகளுக்குத் தொழில்நுட்பச் சேவை தரும் சி-எட்ஜ் நிறுவனத்தின் மீது ரான்சம்வேர் (கணினிகளை முடக்கிப் பணம் பறிக்கும்) தாக்குதல் நடந்தது. பாதுகாப்புக்காக, யு.பி.ஐ.யை நடத்தும் என்.பி.சி.ஐ. அதன் இணைப்பைத் துண்டிக்க, அதைச் சார்ந்திருந்த சுமார் 300 கூட்டுறவு, கிராம வங்கிகளில் யு.பி.ஐ. நின்றது. வெண்டரை மாற்ற நேர்ந்தால் என்ன செய்வது என்ற திட்டம் கையெழுத்துப் போடும் முன்பே கையில் இருக்க வேண்டும். 2023இல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட ஐ.டி. வேலைகளை வெளி நிறுவனங்களிடம் ஒப்படைப்பது பற்றிய நெறிமுறைகளும் அதையே கேட்கின்றன.

எனக்கு மனம் பொறுக்காதது பில் தொகையை இழுத்தடிப்பது. குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வட்டி விகிதமான பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி என்பது 2006ஆம் ஆண்டுச் சட்டம். எங்களுக்கு மேசை நாற்காலி செய்து தந்தவரின் சி.சி. (தொழிலுக்கான கேஷ் கிரெடிட் கடன்) கணக்கும் எங்களிடமே இருந்தது. அவருடைய பில் மூன்று மாதம் மண்டல அலுவலகத்தில் கிடந்தது. அந்த மூன்றாம் மாதம், வட்டி கட்டவில்லை என்று அவருக்கு நோட்டீஸ் அனுப்பியதும் நாங்கள்தான்.