சாம் ஹூஸ்டன் காட்டில் ஓர் இரவு: முதல்முறை டென்ட் தூக்கிப் போகிறவர்களுக்கு

ஹூஸ்டனில் இருக்கிற நம் ஆட்களிடம் கேம்பிங் என்று சொன்னால் ஸ்டேட் பார்க்தான் ஞாபகத்துக்கு வரும். நல்ல வாரக்கடைசி வேண்டுமென்றால் மாதக்கணக்கில் முன்னாலேயே ஆன்லைனில் இடம் பிடிக்க வேண்டும், பணம் கட்ட வேண்டும், போய்ச் சேர்ந்தால் பக்கத்து டென்டில் ராத்திரி பதினொரு மணி வரைக்கும் ஸ்பீக்கர் அலறும். அதே ஊரிலிருந்து ஐ-45-இல் வடக்கே ஒரு மணி நேரம் ஓட்டினால் சாம் ஹூஸ்டன் நேஷனல் ஃபாரஸ்ட் இருக்கிறது. சுமார் 1,63,000 ஏக்கர் பைன் காடு. அங்கே டென்ட் அடித்துத் தங்க முன்பதிவும் கிடையாது, கட்டணமும் கிடையாது. இது பல பேருக்குத் தெரிவதில்லை, தெரிந்தவர்களும் 'அதெல்லாம் நமக்கு ஒத்துவராது' என்று விட்டுவிடுகிறார்கள்.

ஒத்துவரும். ஆனால் காசு வாங்காததற்கு ஒரு காரணம் உண்டு. குழாய் கிடையாது, கழிப்பறை கிடையாது, குப்பைத் தொட்டி, மேஜை, விளக்கு எதுவும் கிடையாது. கேம்ப்கிரவுண்டில் நம் கட்டணத்தை வாங்கிக்கொண்டு யாரோ செய்கிற வேலையெல்லாம் இங்கே நம் தலையில். கடையில் போய் நிற்கும்போது எல்லோரும் எந்த டென்ட் வாங்கலாம் என்றுதான் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். டென்டை நண்பரிடம் கடன் வாங்கிக்கொள்ளலாம். முதலில் தண்ணீர், கழிப்பறை, குப்பை, நெருப்பு இந்த நாலுக்கும் வழி பண்ணுங்கள்.

ஒரு சின்ன விளக்கம். நேஷனல் பார்க் வேறு, நேஷனல் ஃபாரஸ்ட் வேறு. ஃபாரஸ்ட் என்பது விவசாயத் துறைக்குக் கீழே இருக்கிற ஃபாரஸ்ட் சர்வீஸின் நிலம். மரம் வெட்டுவதும் அங்கேதான், வேட்டையும் அங்கேதான், நாம் நடப்பதும் அங்கேதான். அதனால் விதிகள் கொஞ்சம் தளர்வு. ஒதுக்கப்பட்ட கேம்ப்கிரவுண்டுக்கு வெளியே, காட்டுக்குள் நாமே இடம் பார்த்துத் தங்குவதை டிஸ்பெர்ஸ்டு கேம்பிங் என்பார்கள், டெக்சாஸ்காரர்கள் பிரிமிட்டிவ் கேம்பிங் என்றும் சொல்வார்கள். ஒரே இடத்தில் பொதுவாக 14 நாள் வரை இருக்கலாம். நமக்கு ஒரு ராத்திரி போதும்.

1. தேதி

ஜனவரி நடுவிலிருந்து மார்ச் கடைசி வரை. அவ்வளவுதான், வேறு மாதம் யோசிக்காதீர்கள். கோடையில் அந்தக் காட்டில் காற்றே அசையாது, கொசு ஆளைத் தூக்கிக்கொண்டு போகும். இலையுதிர்காலத்திலிருந்து ஜனவரி முதல் வாரம் வரை மான் வேட்டை. அப்போது நினைத்த இடத்தில் டென்ட் அடிக்க விடமாட்டார்கள், அதற்கென்று ஒதுக்கிய இடங்களில் மட்டும்தான் தங்கலாம். வேட்டைத் தேதி வருஷத்துக்கு வருஷம் மாறும் என்பதால் நியூ வேவர்லியில் இருக்கிற ரேஞ்சர் அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள். போனில் மூன்று கேள்வி கேளுங்கள்: நான் போகிற பகுதி திறந்திருக்கிறதா, நெருப்புக்குத் தடை உண்டா, அந்த வாரம் அவர்களே காட்டுக்குத் தீ வைக்கிறார்களா. கடைசிக் கேள்வி தமாஷ் இல்லை. அடிச்செடிகள் மண்டிவிடாமல் இருக்க ஃபாரஸ்ட் சர்வீஸ்காரர்களே குளிர்காலத்திலும் வசந்தத்திலும் திட்டம் போட்டு எரிப்பார்கள், அந்தப் பகுதியை அன்றைக்கு மூடிவிடுவார்கள்.

வேட்டை முடிந்திருந்தாலும் ஓர் ஆரஞ்சு நிற வெஸ்ட் பையில் கிடக்கட்டும். காட்டுப்பன்றி சுடுகிறவர்கள் இருப்பார்கள்.

2. எங்கே, எவ்வளவு தூரம்

காட்டுக்குள் லோன் ஸ்டார் ஹைக்கிங் டிரெயில் ஓடுகிறது. மேற்கே ரிச்சர்ட்ஸ் பக்கத்தில் தொடங்கி கிழக்கே கிளீவ்லேண்ட் வரை முக்கியப் பாதை மட்டும் 96 மைல், சுற்றுப்பாதைகளையும் சேர்த்தால் 128 மைல் சொச்சம். பயப்படாதீர்கள், முதல் தடவைக்கு உள்ளே மூன்று மைல் போனால் தாராளம். மேற்குப் பக்கம், லிட்டில் லேக் கிரீக் பகுதியை ஒட்டிய சுற்றுப்பாதை புதியவர்களுக்கு நல்லது. பெரிய ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை. பாதை அடையாளத்துக்கு மரங்களில் சின்ன அலுமினியத் தகடு அடித்திருப்பார்கள். பத்து நிமிஷமாக ஒரு தகடும் கண்ணில் படவில்லையென்றால் நின்று, கடைசியாகப் பார்த்த தகடு வரைக்கும் திரும்பி வாருங்கள். 'முன்னாடி எங்கேயாவது வரும்' என்று நடந்தவர்கள்தான் தொலைகிறார்கள்.

இன்னொன்று, டிரெயில் சில இடங்களில் தனியார் நிலத்துக்குள்ளும் ரோட்டு ஓரமாகவும் போகும். அங்கே தங்கக்கூடாது. ஆவென்சா மாதிரி ஒரு ஆப்பில் காட்டின் வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டால் நீங்கள் நிற்பது யார் நிலம் என்று சிக்னல் இல்லாமலே தெரியும். காகித மேப்பும் ஒன்று இருக்கட்டும், போன் கீழே விழும். எங்கே காரை நிறுத்துகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

3. தண்ணீர்

இதில் நான் பட்ட பாட்டைச் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை நானும் நண்பனும் பிப்ரவரி கடைசியில் போனோம். மேப்பில் நீலக்கோடு இருக்கிறது, ஓடை இருக்கும் என்று ஆளுக்கு இரண்டு லிட்டர் மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினோம். நாலு மணி வாக்கில், எனக்கு முன்னே நடந்துகொண்டிருந்த நண்பன் பாலத்துக்குக் கீழே எட்டிப் பார்த்துவிட்டு, "மச்சான், ஓடை இருக்குடா, தண்ணிதான் இல்ல" என்றான். அந்தக் குளிர்காலம் மழையே இல்லை. கடைசியில் அரை மைல் தள்ளி ஒரு பள்ளத்தில் குட்டை கிடைத்தது, கடுங்காபி நிறத்தில். இலை ஊறிய சாயம்தான் அது, விஷமில்லை, ஆனால் அடியிலிருந்த சேறும் சேர்ந்து கலங்கியதில் புது ஃபில்டர் ஒரு லிட்டர் முடிவதற்குள் அடைத்துக்கொண்டது.

அன்றைக்குக் காப்பாற்றியது நண்பன் தலையில் கட்டியிருந்த பழைய வேட்டித் துண்டு. அதை நாலாக மடித்து பாத்திரத்தின் வாயில் கட்டி, தண்ணீரைக் கலக்காமல் மேலாக மொண்டு ஊற்றி, கால் மணி நேரம் தெளிய விட்டு, அப்புறம் ஃபில்டரில் விட்டோம். ஓடியது. ஊரில் புதுவெள்ளம் வந்தால் பாட்டி பானை வாயில் துணி கட்டுவாரே, அதே வேலை. இப்போது என் பையில் ஒரு வேட்டித் துண்டு நிரந்தரமாக இருக்கிறது.

சரி, கணக்குக்கு வருவோம். ஓர் ஆளுக்கு ஒரு பகல் ஓர் இரவு, குடிக்க, சமைக்க, மற்றதுக்கு எல்லாம் சேர்த்து நாலு லிட்டர். ஒரு லிட்டர் ஒரு கிலோ, தோளில் தெரியும். அதற்குத்தான் மூன்று மைல் போதும் என்றேன். முதல் தடவை முழுத் தண்ணீரையும் காரிலிருந்தே தூக்கிப் போங்கள், ஃபில்டர் அவசரத்துக்கு இருக்கட்டும். ஃபில்டர் இல்லையென்றால் தளதளவென்று கொதி வந்த பிறகு ஒரு நிமிஷம் கொதிக்கவிட்டால் போதும். குழாய் மாதிரி இருக்கிற ஃபில்டர் ஒரு தடவை நனைந்த பிறகு உறைந்துபோனால் உள்ளே விரிசல் விட்டுவிடும், வெளியே தெரியாது. இரவு பூஜ்யம் டிகிரி பக்கம் போகும் என்று தோன்றினால் அதைத் தூங்கும் பைக்குள் போட்டுக்கொண்டு படுங்கள்.

4. பை

பையின் மொத்த எடை உங்கள் உடம்பு எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டவேண்டாம். டென்ட், ஸ்லீப்பிங் பேக், அடியில் விரிக்க மெத்தை, தலையில் மாட்டுகிற விளக்கு, சின்ன கேஸ் ஸ்டவ், ஒரே ஒரு பாத்திரம், மழைக் கோட்டு, முதலுதவிப் பொருள். அடி மெத்தையை மட்டும் வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள், குளிர் மேலேயிருந்து வருவதைவிட தரையிலிருந்துதான் அதிகம் ஏறும். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது.

சாப்பாட்டில் நம்மை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. மதியத்துக்குப் புளியோதரை. ராத்திரிக்கு உப்புமா, ஆனால் தாளிப்பு வீட்டிலேயே முடிந்திருக்க வேண்டும்: ரவையை வறுத்து, கடுகு, மிளகாய், கறிவேப்பிலை, கடலைப்பருப்பு எல்லாம் எண்ணெயில் தாளித்துக் கொட்டி, உப்பும் போட்டு, ஆறவிட்டு ஜிப்லாக் பையில் கட்டிவிடுங்கள். காட்டில் ரவைக்கு இரண்டரை மடங்கு தண்ணீரைக் கொதிக்கவைத்து இதைக் கொட்டிக் கிளறி மூடினால் ஐந்து நிமிஷம். ஐம்பது கிராம் கேஸ்கூடச் செலவாகாது. டாலர் பத்துக்கு விற்கிற காய்ந்த பாஸ்தா பாக்கெட்டை ஒரு தடவை வாங்கித் தின்று பார்த்தேன், வேண்டாம்.

5. டென்ட் அடிக்கிற இடம்

பொழுது சாய இரண்டு மணி நேரம் இருக்கும்போதே இடத்துக்கு வந்துவிடுங்கள். தரையைப் பார்ப்பதற்கு முன்னால் தலைக்கு மேலே பாருங்கள். வண்டு அரித்துப் பட்டுப்போன பைன் மரங்கள் இந்தக் காட்டில் நிறைய உண்டு, காற்றில்லாத ராத்திரியிலும் கிளை முறிந்து விழும். பட்ட மரம் விழுந்தால் எட்டுகிற தூரத்தில் படுக்காதீர்கள். அடுத்து தரை: சாம்பல் நிறத்தில் பொலபொலவென்று சின்ன மண்மேடு தெரிந்தால் அது சிவப்பு எறும்புப் புற்று, தள்ளிப் போங்கள். தண்ணீரிலிருந்தும் பாதையிலிருந்தும் 200 அடி, அதாவது நம் நடையில் எண்பது எட்டு. ஏற்கெனவே யாரோ தங்கிப் பழகிய வெற்றிடம் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள், புதிதாகச் செடி பிடுங்க வேண்டாம்.

சில பைன் மரங்களைச் சுற்றிப் பெயிண்டில் பட்டை அடித்திருப்பார்கள். அங்கே தங்காதீர்கள். ரெட்-காக்கேடட் என்கிற மரங்கொத்தியின் வீடு அது. மற்ற மரங்கொத்திகள் பட்ட மரத்தைக் குடையும், இது மட்டும் உயிருள்ள பைனைக் குடையும், ஒரு பொந்து முடிய வருடக்கணக்கில் ஆகும். பொந்தைச் சுற்றிச் சின்னச் சின்ன ஓட்டை போட்டுப் பிசினை வழியவிடும், பாம்பு ஏறாமலிருக்க. தூரத்திலிருந்து பார்த்தால் மெழுகுவர்த்தி உருகி வழிந்த மாதிரி மரம் வெள்ளையாகத் தெரியும். அழிவின் விளிம்பில் இருந்த பறவை, 2024-இல்தான் ஆபத்து கொஞ்சம் குறைந்தது என்று அரசுப் பட்டியலில் ஒரு படி இறக்கினார்கள்.

6. வெளிக்குப் போவது

வெட்கப்படாமல் பேசுவோம், வரத் தயங்குகிறவர்களில் பாதிப்பேர் தயங்குவது இதற்குத்தான். தோட்டவேலைக்கு விற்கிற சின்ன மண்கரண்டி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். தண்ணீர், பாதை, டென்ட் மூன்றிலிருந்தும் அதே எண்பது எட்டு தள்ளி, ஆறிலிருந்து எட்டு அங்குல ஆழத்துக்குக் குழி, ஒரு சாண் என்று வைத்துக்கொள்ளுங்கள். முடித்ததும் தோண்டிய மண்ணையே போட்டு மூடி மேலே சருகு. அமெரிக்கக் கையேடுகளில் இதற்கு அடுத்து ஒரு பத்தி வரும், பயன்படுத்திய காகிதத்தை ஜிப்லாக்கில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவது எப்படி என்று. நமக்கு அந்தக் கஷ்டமே இல்லை. அரை லிட்டர் பாட்டில், மூடியில் நாலு ஓட்டை, முடிந்தது. கொல்லைப்புறம் போய் வளர்ந்த தலைமுறையின் பேரப்பிள்ளைகளுக்கு இதை நான் சொல்லிக்கொடுப்பது கொஞ்சம் வேடிக்கைதான். சோப்புப் போட்டுக் கை கழுவுவதைக் குழிக்குப் பக்கத்திலேயே முடியுங்கள், ஓடையில் வேண்டாம்.

7. ராத்திரி

நெருப்புக்குத் தடை இல்லையென்றால் மூட்டலாம். கீழே விழுந்து காய்ந்த விறகு மட்டும், மணிக்கட்டுப் பருமனுக்கு மேல் வேண்டாம். படுக்கப்போகும் முன் தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையைக் கிட்டே கொண்டுபோய்ப் பாருங்கள். சூடு தெரிந்தால் இன்னும் அணையவில்லை. இதற்கே இரண்டு மூன்று லிட்டர் போகும், தூக்கிவந்த தண்ணீர் என்பதால் நான் பெரும்பாலும் மூட்டுவதே இல்லை.

கரடிப் பயம் இங்கே அனேகமாக இல்லை. ரக்கூன் உண்டு, எலி உண்டு. சாப்பாடு, பற்பசை, குப்பை எல்லாவற்றையும் ஒரே பையில் கட்டி, ஆள் கைக்கு எட்டாத உயரத்தில், அடிமரத்திலிருந்து நாலடி தள்ளிக் கிளையில் தொங்கவிடுங்கள். டென்டுக்குள் ஒரு முறுக்குத் துண்டுகூட வேண்டாம்.

சத்தத்துக்குத் தயாராக இருங்கள். எட்டு மணி வாக்கில் சருகுக்குள் யானை நடக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்து நாங்கள் இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தோம். ஐந்து நிமிஷம் கழித்து நண்பன் தைரியமாக விளக்கை அடித்தால் ஒரு ஆர்மடில்லோ, பூனை அளவு, மூக்கால் சருகைப் புரட்டிக்கொண்டு எங்களைச் சட்டையே செய்யாமல் போய்க்கொண்டிருந்தது.

8. காலையில்

குப்பை ஒன்று விடாமல் திரும்பி வரவேண்டும், ஆரஞ்சுத் தோல், கறிவேப்பிலை, முந்தின ஆள் விட்டுப்போன பீர் டப்பா உட்பட. டென்ட் அடித்த இடத்தில் அமுங்கிய சருகைக் காலால் கிளறிவிடுங்கள்.

கார் வந்ததும் உண்ணி பார்க்க வேண்டும். முழங்கால் மடிப்பு, இடுப்புப் பட்டி, அக்குள், காதுக்குப் பின்னால். கடித்திருந்தால் நகத்தால் பிய்க்காமல் ட்வீசரால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். வீட்டுக்குப் போனதும் துணியைத் துவைப்பதற்கு முன்னால் டிரையரில் அதிகச் சூட்டில் பத்து நிமிஷம் ஓட்டுங்கள், துவைத்தால் உண்ணி சாகாமல் இருக்கலாம், காய்ந்த சூட்டில் செத்துவிடும். எங்கள் வீட்டில் அந்தப் பத்து நிமிஷமும் என்னை கராஜைத் தாண்டி உள்ளே விடுவதில்லை, காபி மட்டும் கதவிடுக்கு வழியாக வரும்.