ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் பயிற்சிக்கும் எழுத்துத் தேர்வுக்கும் ஆயத்தமாதல்: டர்பன் வட்டாரத் தமிழர்களுக்கு ஒரு வழிகாட்டி

டர்பன் துறைமுகத்தை ஒட்டியுள்ள மேடன் வார்ஃபிலிருந்து ஜேக்கப்ஸ், மொபேனி, புரொஸ்பெக்டன் வரை வரிசையாக நிற்கும் கிடங்குகளில் வேலை தேடுகிறவரிடம் முதலில் கேட்கப்படுவது, பெரும்பாலும் ஃபோர்க்லிஃப்ட் என்னும் சுமைதூக்கு வண்டியை ஓட்டும் சான்றிதழ் இருக்கிறதா என்பதுதான். சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் மெட்ரிக் முடித்துவிட்டு அடுத்து என்ன செய்வது என்று யோசிக்கும் இளைஞர்களுக்கும், துபாயிலோ சிங்கப்பூரிலோ சில காலம் வண்டி ஓட்டிவிட்டு இங்கே வந்து சேர்ந்தவர்களுக்கும் இந்தச் சான்றிதழ் ஒரு நல்ல வாசல். வெளிநாட்டு அனுபவம் நேர்முகத்தில் உதவும் என்றாலும், இந்நாட்டுச் சான்றிதழுக்கு அது ஈடாகாது.

பயிற்சியில் சேருகிறவர்களில் பலர் வண்டி ஓட்டும் பகுதியைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். உண்மையில் தடுமாற வைப்பது எழுத்துத் தேர்வுதான். பாடப்புத்தகத்தில் உள்ள விதிகளை நூறு தனித்தனி வாக்கியங்களாக மனப்பாடம் செய்ய முயல்வதே அதற்குக் காரணம். வண்டியின் எடை எங்கே இருக்கிறது, சுமையை ஏற்றியதும் அது எந்தப் பக்கம் நகர்கிறது என்ற ஒன்றைப் புரிந்துகொண்டவருக்கு அந்த விதிகளில் பெரும்பகுதி தாமாகவே விளங்கிவிடும். ஆகவே இக்கட்டுரையும் அந்த இடத்தில்தான் அதிக நேரம் நிற்கப் போகிறது.

பணம் கட்டுவதற்கு முன்

தென்னாப்பிரிக்காவில் இத்தொழிலை ஆள்வது 1993ஆம் ஆண்டின் 85ஆம் எண் தொழில்சார் உடல்நல, பாதுகாப்புச் சட்டமும், அதன்கீழ் 2015இல் வெளிவந்த இயந்திர ஒழுங்குவிதிகளும் ஆகும். அவற்றின் 18ஆம் விதி தூக்கு இயந்திரங்களைப் பற்றியது. டெட்டா எனப்படும் போக்குவரத்துத் துறைக் கல்வி, பயிற்சி ஆணையத்தின் அங்கீகாரமும், வேலைவாய்ப்பு மற்றும் தொழிலாளர் துறையில் பதிவும் பெற்ற நிறுவனம் வழங்கிய சான்றிதழ் இல்லாத எவரையும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்ட அனுமதிக்கக்கூடாது என்பது அவ்விதியின் சாரம். அங்கீகாரம், பதிவு ஆகிய இரண்டும் வேண்டும். எனவே பயிற்சி நிலையத்துக்குச் சென்றதும் இரண்டு ஆவணங்களையும் காட்டும்படி கேளுங்கள். அவற்றில் உள்ள நிறுவனப் பெயரும் உங்களுக்குத் தரப்படும் ரசீதில் உள்ள பெயரும் ஒன்றா என்றும் பாருங்கள். தயங்கினாலோ, ‘காலையில் வந்தால் மாலையில் சான்றிதழ்’ என்று சொன்னாலோ, அங்கிருந்து எழுந்து வந்துவிடுவது நல்லது. அப்படி வாங்கிய காகிதத்தை எந்தப் பெரிய கிடங்கும் ஏற்காது.

அடுத்து, எந்த வகை வண்டிக்கான பயிற்சி என்பதைத் தெளிவாகத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். பின்புறம் எதிர்எடை வைத்த சாதாரண ஃபோர்க்லிஃப்டில் 3,000 கிலோ வரை தூக்குவது எஃப்1 என்றும், அதற்கு மேல் 7,000 கிலோ வரை தூக்குவது எஃப்2 என்றும் பிரிக்கப்படுகின்றன. உயரமான ரேக்குகளுக்கு இடையே ஓடும் ரீச் டிரக் முற்றிலும் வேறு வகை. எஃப்1 சான்றிதழை வைத்துக்கொண்டு அதில் ஏற முடியாது. நீங்கள் விண்ணப்பிக்க எண்ணும் வேலை விளம்பரங்களில் எந்தக் குறியீடு கேட்கப்படுகிறது என்று பார்த்துவிட்டுப் பதிவு செய்தால் பணம் வீணாகாது. புதியவர்களுக்கு ஐந்து நாட்கள் என்பது வழக்கமான அளவு. அடையாள அட்டை நகலும் மருத்துவத் தகுதிச் சான்றிதழும் தேவைப்படும். மருத்துவரிடம் கண்பார்வை, காது, இரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாவற்றையும் பார்ப்பார்கள். சர்க்கரையோ அழுத்தமோ உள்ளவர்கள் அதை மறைக்காமல் மருந்துச் சீட்டோடு போவதே சரி; கட்டுப்பாட்டில் உள்ள நோய் தானாகவே தடையாகிவிடாது.

எடைத் தகட்டைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள்

ஓட்டுநர் இருக்கைக்கு அருகே பதித்திருக்கும் டேட்டா பிளேட் என்னும் உலோகத் தகடுதான் தேர்வின் மையம். அதில் மாடல் எண், வண்டியின் சொந்த எடை, தூக்கும் உயரம், தூக்கக்கூடிய அதிகபட்ச எடை, லோட் சென்டர் ஆகியவை இருக்கும். லோட் சென்டர் என்பது, சுமையைத் தாங்கும் இரட்டைக் கவையான ஃபோர்க்கின் செங்குத்தான முகப்பிலிருந்து சுமையின் எடைமையம் (அதன் எடை முழுவதும் குவிந்திருப்பதாகக் கொள்ளும் புள்ளி) வரையுள்ள தூரம். ‘2,500 கிலோ, 500 மில்லிமீட்டர்’ என்று எழுதியிருந்தால், அந்த வண்டி எப்போதும் இரண்டரை டன் தூக்கும் என்று பொருளல்ல. எடைமையம் 500 மில்லிமீட்டருக்குள் இருக்கும்வரை மட்டுமே தூக்கும்.

இதை ஒரு கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். ஃபோர்க்லிஃப்ட் என்பது முன்சக்கரங்களின் மேல் நிற்கும் ஒரு சீசா பலகை. ஒரு பக்கம் சுமை, மறுபக்கம் வண்டியின் எதிர்எடை. முன்அச்சிலிருந்து ஃபோர்க் முகப்பு வரை 400 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதனுடன் 500ஐக் கூட்டினால் 900. இதை 2,500ஆல் பெருக்கினால் 22,50,000 வருகிறது. வண்டி தாங்கக்கூடிய உச்சம் இதுதான். இப்போது இங்கே எல்லாக் கிடங்குகளிலும் காணப்படும் 1,200க்கு 1,000 மில்லிமீட்டர் பேலட்டை (சுமையை அடுக்கும் தட்டை) எடுத்துக்கொள்ளுங்கள். ஃபோர்க்கை 1,000 ஆழமுள்ள வாக்கில் நுழைத்தால் எடைமையம் 500இல் இருக்கும். அதே பேலட்டைத் திருப்பி, 1,200 ஆழமுள்ள வாக்கில் நுழைத்தால் எடைமையம் 600க்குப் போகிறது. முன்போலவே அதனுடன் 400ஐக் கூட்டினால் 1,000. 22,50,000ஐ இந்த 1,000ஆல் வகுத்தால் 2,250. பேலட்டைத் திருப்பி எடுத்ததனால் மட்டுமே 250 கிலோ தூக்கும் திறன் போய்விட்டது. சுமை மாறவில்லை, வண்டி மாறவில்லை. தேர்வில் இவ்வகைக் கேள்வி வந்தால் இந்த வழியில் போடலாம். ஆனால் வேலையிடத்தில் மனக்கணக்கை நம்பாமல் தகட்டில் உள்ள அட்டவணையையே பின்பற்ற வேண்டும். ஃபோர்க்கை ஏற்றி இறக்கும் முன்கம்பமான மாஸ்ட் உயர உயரவும் திறன் குறைந்துகொண்டே போகும், அது இந்த எளிய கணக்கில் வராது.

இதன் தொடர்ச்சியாக இன்னொன்று. மெர்பேங்க் பக்கம் காகித உருளைகளைக் கையாளும் இடங்களில், ஃபோர்க்குக்குப் பதிலாக உருளையை அணைத்துப் பிடிக்கும் கிளாம்ப் பொருத்தியிருப்பதைப் பார்க்கலாம். அந்த இணைப்புக்கும் எடை உண்டு, அது சுமையை முன்னோக்கியும் தள்ளுகிறது. அதனால் இணைப்புப் பொருத்திய வண்டிக்கு அதற்கேற்ற புதிய திறன் தகடு இருந்தாக வேண்டும். தகடு இல்லாத, அல்லது எழுத்து அழிந்துபோன வண்டியை என்ன செய்வீர்கள் என்ற கேள்விக்கு ஒரே விடை: ஓட்ட மாட்டேன்.

நிலைத்தன்மை முக்கோணம்

முன்சக்கரங்கள் இரண்டு மூலைகள். பின்அச்சு நடுவில் ஊசலாடும்படி பொருத்தப்பட்டிருப்பதால் அதன் மையம் மூன்றாவது மூலை. நான்கு சக்கரங்கள் இருந்தும் முக்கோணம் என்று சொல்வது இதனால்தான். வண்டியும் சுமையும் சேர்ந்த எடைமையம் இந்த முக்கோணத்துக்குள் இருக்கும்வரை வண்டி நிற்கும். முன்விளிம்பைத் தாண்டினால் முன்னோக்கியும், பக்கவிளிம்பைத் தாண்டினால் பக்கவாட்டிலும் கவிழும்.

சுமையில்லாத வண்டியில் எடைமையம் எதிர்எடையின் பக்கம், அதாவது முக்கோணம் குறுகும் இடத்தில் இருக்கிறது. ஆகவே காலி வண்டியை வேகமாகத் திருப்பினால் அது பக்கவாட்டில் எளிதில் சாயும். காலி வண்டி பாதுகாப்பானது என்று எழுதி மதிப்பெண் இழப்பவர்கள் ஏராளம். பின்சக்கரங்களால் திரும்பும் வண்டி என்பதால் திருப்பத்தில் பின்புறம் வெளியே வீசும் என்பதையும் இதோடு சேர்த்து நினைவில் வையுங்கள். ரேக்கின் காலில் மோதுவதும் நடந்து போகிறவரை இடிப்பதும் பெரும்பாலும் அந்தப் பின்பகுதிதான்.

சரிவுப் பாதைக் கேள்விகளும் இதே கருத்திலிருந்து பிறப்பவை. சுமையுடன் ஏறும்போது முன்னோக்கியும் இறங்கும்போது பின்னோக்கியும் ஓட்ட வேண்டும். காலியாக இருக்கும்போது நேர்மாறாக, பின்னோக்கி ஏறி முன்னோக்கி இறங்க வேண்டும். நான்கு விதிகள் போலத் தோன்றினாலும் அடிப்படை ஒன்றே: கனமான முனை எப்போதும் மேட்டுப் பக்கம் இருக்க வேண்டும். சுமையிருந்தால் கனம் முன்னே, இல்லாவிட்டால் பின்னே. சரிவில் குறுக்காக ஓட்டவோ திருப்பவோ கூடாது. சுமை பார்வையை மறைத்தால் பின்னோக்கி ஓட்ட வேண்டும் என்ற பொதுவிதி, சுமையுடன் மேடேறும்போது மட்டும் பொருந்தாது; அங்கே வழிகாட்ட ஓர் ஆள் வேண்டும். தேர்வு எழுதுகிறவரைச் சிக்க வைக்கும் இடம் இது.

வண்டி கவிழத் தொடங்கினால் என்ன செய்வது என்ற கேள்வி ஏறக்குறைய எல்லாத் தாள்களிலும் உண்டு. வெளியே குதிக்கக்கூடாது. சீட் பெல்ட்டோடு இருக்கையிலேயே இருந்து, ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்து, கால்களை ஊன்றி, விழும் திசைக்கு எதிர்ப்பக்கம் சாய வேண்டும். குதிப்பவர் மேல்தான், ஓட்டுநரின் தலைக்கு மேல் பொருத்தியுள்ள தலைக்கூரை வந்து விழுகிறது.

தினசரிச் சோதனை

ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் முன் வண்டியைச் சோதித்துப் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். சாவி போடாமல் முதலில் சுற்றி வந்து டயர், சங்கிலி, ஹைட்ராலிக் குழாய், கசிவு, தலைக்கூரை, ஃபோர்க் ஆகியவற்றைப் பாருங்கள். பின்னர் இயக்கி பிரேக், ஹார்ன், விளக்கு, மாஸ்ட் ஆகியவற்றைப் பாருங்கள். ஃபோர்க்கில் முக்கியமாகப் பார்க்க வேண்டியது அது வளையும் குதிப்பகுதி. தரையில் உரசி உரசி அங்கேதான் தேயும், வெடிப்பும் அங்கேதான் முதலில் விழும். முதலில் 40 மில்லிமீட்டர் தடிமன் இருந்த ஃபோர்க் 36 ஆகிவிட்டால், அதாவது 10 சதவீதம் தேய்ந்துவிட்டால், அதைக் கழித்துவிட வேண்டும். தேய்மானம் பத்து சதவீதம் என்றாலும் தாங்கும் வலு ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்துவிடுகிறது, ஏனெனில் வளைவைத் தாங்கும் வலு தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது. குறை தென்பட்டால் வண்டியை நிறுத்தி, சாவியை எடுத்து, மேற்பார்வையாளரிடம் தெரிவிக்க வேண்டும். நீங்களே ஸ்பேனரை எடுத்துச் சரிசெய்யக்கூடாது. ஓட்டுநரின் இந்தச் சோதனை வேறு, 12 மாதங்களுக்கு மிகாத இடைவெளியில் தகுதிபெற்ற ஆய்வாளர் செய்ய வேண்டிய முழுப் பரிசோதனை வேறு. இரண்டையும் குழப்பும்படி கேட்பார்கள்.

பேட்டரி வண்டி என்றால் சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளியாகும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு தீப்பொறிக்கு வெடிக்கும். காற்றோட்டமான இடம், சிகரெட் கூடாது, கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். காய்ச்சி வடித்த நீரைச் சார்ஜ் முடிந்த பிறகே ஊற்ற வேண்டும்.

படிக்கும் முறை

சட்டப் பகுதியை ஒரே மாலையில் முடித்துவிடலாம். மேலே சொன்ன 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8ஆம் பிரிவு முதலாளியின் கடமை, 14ஆம் பிரிவு தொழிலாளியின் கடமை, 24ஆம் பிரிவு விபத்தை ஆய்வாளருக்குத் தெரிவிப்பது. இம்மூன்றையும் சொந்தச் சொற்களில் விளக்க முடிந்தால் போதும்.

கேள்விகள் ஆங்கிலத்தில்தான் இருக்கும். வீட்டில் தமிழ் பேசி, தமிழிலேயே யோசித்துப் பழகியவர்கள் பாடக்குறிப்பை ஒருமுறை தமிழில் எழுதிப் புரிந்துகொண்டு, பிறகு லேடன் (சுமையுடன்), அன்லேடன் (சுமையின்றி), கபாசிட்டி (தூக்கும் திறன்), டில்ட் (சாய்ப்பு), கவுண்டர்வெயிட் (எதிர்எடை) போன்ற சொற்களை வண்டியின் படத்தில் குறித்துப் பழகுவது பலன் தரும். சுமை உண்டா இல்லையா என்பதைக் கவனிக்காமல் சரிவுக் கேள்விக்குப் பதில் எழுதுவதே அதிகம் நடக்கும் தவறு. கேள்வித்தாள் கைக்கு வந்ததும் அச்சொற்களின் கீழ் கோடிட்டுக்கொள்ளுங்கள். வேலைத்தளத்தில் சக ஊழியர்கள் பேசும் ஜூலு மொழியில் ‘நில்’, ‘கவனம்’ என்பதற்கான சொற்களைக் கற்பதும் நல்லது. தேர்வுக்குத் தேவையில்லை, உயிருக்குத் தேவை.

செய்முறைத் தேர்வும் அதன் பிறகும்

செய்முறையில் கூம்புகளுக்கு இடையே முன்னும் பின்னும் ஓட்டுவது, பேலட்டை எடுத்து அடுக்குவது, இறக்குவது, நிறுத்துவது ஆகியவை பார்க்கப்படும். வேகத்துக்கு மதிப்பில்லை. பின்னோக்கி எடுக்கும் முன் இரு தோள்களின் மேலாகவும் திரும்பிப் பார்க்கிறீர்களா, ஃபோர்க்கைத் தரையிலிருந்து 100 முதல் 150 மில்லிமீட்டர் உயரத்தில் வைத்து மாஸ்ட்டைச் சற்றே பின்சாய்த்து ஓட்டுகிறீர்களா, சுமை உயரத்தில் இருக்கும்போது முன்சாய்க்காமல் இருக்கிறீர்களா என்பவற்றைத்தான் தேர்வாளர் குறித்துக்கொண்டிருப்பார். நன்றாக ஓட்டியவர்கள்கூட வண்டியை நிறுத்தும்போது கோட்டை விடுவதுண்டு: ஃபோர்க்கை முழுக்கத் தரையில் இறக்க வேண்டும், நுனி தரையைத் தொடும்படி மாஸ்ட்டை முன்சாய்க்க வேண்டும், நியூட்ரலில் போட்டு ஹேண்ட்பிரேக் இழுத்து, சாவியை எடுத்த பிறகே இறங்க வேண்டும். இறங்கும்போதும் குதிக்காமல், வண்டியைப் பார்த்தபடி, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு இறங்குங்கள்.

சான்றிதழ் கைக்கு வந்ததும் பெயர், அடையாள எண், வண்டிக் குறியீடு, தேதி, நிறுவனத்தின் பதிவு எண் ஆகியவற்றை அங்கேயே நின்று சரிபாருங்கள். தமிழ்ப் பெயர்களில் ஓர் எழுத்து மாறுவது சாதாரணம், பின்னால் திருத்த அலைய வேண்டியிருக்கும். சான்றிதழ் இருந்தாலும், வேலைக்குச் சேரும் இடத்தில் முதலாளி எழுத்துபூர்வமாக அனுமதி தந்த பிறகே அங்குள்ள வண்டியில் ஏற வேண்டும். வழக்கமாக 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபயிற்சியும் மருத்துவப் பரிசோதனையும் கேட்கப்படும். காலாவதித் தேதிக்கு ஒரு மாதம் முன்பே முதலாளிக்கு நினைவூட்டுங்கள், ஏனெனில் தேதி கடந்துவிட்டால் மறுபயிற்சி முடியும்வரை சாவி உங்கள் கைக்கு வராது.