மடக்கு சைக்கிளுக்கு மோட்டாரா? முதலில் ஃபோர்க்கை அளந்துவிடுங்கள்

பெங்களூரில் மடக்கு சைக்கிள் வைத்திருக்கும் நம்மவர்களுக்கு ஒரு விஷயம். முன்சக்கரத்தின் நடுவிலேயே மோட்டார் இருக்கும் கிட் வாங்கும் முன், முன்சக்கரத்தைக் கழற்றி, ஃபோர்க்கில் (சக்கரத்தை இருபுறமும் பிடித்திருக்கும் கவை) அச்சு உட்காரும் இரண்டு காடிகளுக்கும் நடுவே உள்ள அகலத்தை ஸ்கேலால் அளந்துவிடுங்கள். சாதாரண சைக்கிளில் அது 100 மி.மீ. பிராம்டன் போன்ற மடக்கு சைக்கிள்களில் 74 மி.மீ.தான். நான் அளக்காமல் வாங்கிவிட்டேன். அல்சூர் வீட்டு வாசலில் உட்கார்ந்து மாட்டப் பார்த்தால், மோட்டார் உள்ளேயே நுழையவில்லை. "இழுத்து விரிச்சிடலாம் சார்" என்றார் தெருமுனை மெக்கானிக். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். அலுமினிய ஃபோர்க் என்றால் விரிசல் விடும். ஓடும்போது முறிந்தால் ஆபத்து. 74 மி.மீ.க்கென்றே மோட்டார் கிடைக்கிறது.

அப்புறம், சக்கர அளவைச் சொல்லி வாங்குங்கள். 26 அங்குலச் சக்கரத்தில் 25 கி.மீ. வேகம் தரும் மோட்டார், 20 அங்குலத்தில் சுமார் 19 கி.மீ.தான் தரும். அச்சு சுழன்றுவிடாமல் பிடிக்க டார்க் ஆர்ம் (அச்சை ஃபோர்க்கோடு பிணைக்கும் உலோகப் பட்டை) கட்டாயம் வேண்டும்.

வயரை இறுக்கிக் கட்டும் முன் சைக்கிளை நாலைந்து முறை மடக்கி விரித்துப் பாருங்கள். கீல் பக்கத்தில் ஒரு கை அகலத்துக்கு வயர் தொங்கலாக இருக்கட்டும், இல்லாவிட்டால் மடக்கும்போது நசுங்கிவிடும்.