காவிரியில் முதல் தூண்டில் பயணம்: மாசி, பங்குனிக்குத் திட்டம் போடுவது எப்படி?

மலை ஆறுகளில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு டிரவுட் பிடிக்கும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, நம் தருமபுரிப் பக்கம் அப்படி ஒரு பயணம் போக முடியுமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். டிரவுட் இங்கே கிடையாது. அது குளிர்ந்த தண்ணீர் மீன். நீலகிரியின் உயரமான ஓடைகளில் ஆங்கிலேயர் காலத்தில் கொண்டுவந்து விட்டார்கள். அவலாஞ்சியில் அதற்கென்றே குஞ்சு பொரிப்பகம் உண்டு. பங்குனி வெயிலில் சூடேறும் காவிரித் தண்ணீரை அது தாங்காது. ஆனால் நமக்கும் ஒரு பெரிய ஆறு இருக்கிறது. கட்லா, ரோகு, ஜிலேபி, கெளுத்தி, விரால் எல்லாம் இருக்கின்றன. திட்டம் போடும் முறையும் ஏறக்குறைய அதேதான்.

தூண்டில் வாங்குவதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். முதலில் தண்ணீர்க் கணக்கைப் பார்க்கப் பழக வேண்டும்.

1. தண்ணீர் எவ்வளவு வருகிறது?

கர்நாடகத்திலிருந்து வரும் காவிரியை பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் அளக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்ட எல்லையில் இருக்கும் இடம் அது. விநாடிக்கு இத்தனை கன அடி என்று தினமும் செய்தியில் வரும். அந்த எண்ணைப் பயணத்துக்கு ஒரு வாரம் முன்பிருந்தே ஒரு தாளில் எழுதி வாருங்கள்.

மாசி, பங்குனியை ஏன் சொல்கிறேன் என்றால், 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று தீர்ப்பளித்தது. அதன் மாதக் கணக்கில் பிப்ரவரி முதல் மே வரை மாதத்துக்கு 2.5 டி.எம்.சி.தான். ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி. 2.5 டி.எம்.சி.யை 30 நாளுக்குப் பிரித்தால் விநாடிக்குச் சுமார் 960 கன அடி வரும். ஆகஸ்டுக்கு உரிய 45.95 டி.எம்.சி.யை அதேபோல் பிரித்தால் 17,000 கன அடியைத் தாண்டுகிறது. நடைமுறையில் வருவது கூடலாம், குறையலாம். வெள்ளக் காலத்தில் லட்சம் கன அடிகூடப் போகும். ஆனாலும் முதல்முறை ஆற்றுக்குப் போகிறவருக்கு எந்த மாதம் ஏற்றது என்பது இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும்.

நான் வைத்திருக்கும் விதி இதுதான்: நாலைந்து நாள் தொடர்ந்து ஆயிரம் சொச்சத்தில் நின்றால் கிளம்பலாம். ஒரே நாளில் இரட்டிப்பானால் ஒத்திப்போட வேண்டும். மேலே அணையில் திறந்துவிட்டாலும், நடுவழிக் காடுகளில் கோடை மழை பெய்தாலும் இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் ஏறும். சித்திரையில் இது அடிக்கடி நடப்பதால்தான் அதற்கு முன்பே போய்வரச் சொல்கிறேன்.

கூடவே மேட்டூர் அணையின் நீர்மட்டத்தையும் பாருங்கள். முழுக் கொள்ளளவுக்கு 120 அடி. அணையின் பின்பக்கத் தேக்கம் நம் மாவட்டத்துக்குள் வெகுதூரம் வந்து நிற்கிறது. மட்டம் நன்றாக இறங்கிவிட்டால் எதிர்க்கரைப் பண்ணவாடியில் மூழ்கிக் கிடக்கும் நந்தி சிலைகூட வெளியே தெரியும். பார்க்க அழகுதான். ஆனால் அப்போது கரை முழுக்க வண்டல் சேறாகக் கிடக்கும், கால் புதையும்.

2. எங்கே போவது, யாரிடம் கேட்பது?

காவிரி என்றதும் எல்லோருக்கும் ஒகேனக்கல்தான் நினைவுக்கு வரும். முதல் பயணத்துக்கு அது வேண்டாம். பாறைகளுக்கு நடுவே திடீர்ப் பள்ளங்களும் சுழல்களும் உண்டு, முதலைகளும் உண்டு. மேலே பிலிகுண்டுலு பக்கம் போவதையும் விட்டுவிடுங்கள். அங்கே ஆற்றை ஒட்டிய காடுகள் காவிரி வடக்கு, காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயங்களாக 2014-லும் 2022-லும் அறிவிக்கப்பட்டவை. சரணாலயத்துக்குள் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம், தூண்டிலோடு நுழைவதைச் சொல்லவே வேண்டாம்.

தொடக்கக்காரருக்கு நான் சொல்வது தேக்கத்தின் ஓரம்: பென்னாகரத்திலிருந்து ஏரியூர் வழியாக நாகமரை அல்லது ஒட்டனூர். ஓட்டம் குறைவு, கரை அகலம், பரிசல் துறை இருப்பதால் ஆள் நடமாட்டமும் உண்டு.

கிளம்பும் முன் இரண்டு அலுவலகங்களில் கேட்டுவிடுங்கள். மேட்டூர் நீர்த்தேக்கத்தில் மீன்பிடிப்பது உரிமம் பெற்ற மீனவர்களின் பிழைப்பு. அதனால் தூண்டில் போடலாமா, எந்தப் பகுதியில் போடலாம் என்று மீன்வளத் துறையிடம் கேளுங்கள். நீங்கள் நிற்கப்போகும் கரை காப்புக்காட்டுக்குள் வருகிறதா என்று வனத்துறையிடம் கேளுங்கள். வேண்டாம் என்று சொன்னால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

கரைக்குப் போனதும் அங்கிருக்கும் மீனவரிடம் "அண்ணே, வலை எங்கெங்க கட்டியிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் தூண்டிலைப் பிரிக்க வேண்டும். முள் வலையில் மாட்டினால் அவருக்கு அரைநாள் வேலை வீண். அப்படிக் கேட்டாலே பாதிப் பேர் "அந்தப் பக்கம் போகாதீங்க, பள்ளம்" என்று தாங்களாகவே சொல்லிவிடுவார்கள். எந்தப் புத்தகத்திலும் கிடைக்காத தகவல் அது.

3. சாமான்

இதற்கு ரொம்ப யோசிக்க வேண்டாம். 7 அல்லது 8 அடி தூண்டில் கம்பு, 3000 அளவு ரீல், 0.30 மில்லிமீட்டர் நைலான் நரம்பு, சின்னதும் நடுத்தரமுமாகச் சில முள், ஈயக் குண்டு, தக்கை. முள்ளின் எண் கூடக்கூட அளவு சிறிதாகும், கடையில் வாங்கும்போது இதை நினைவில் வையுங்கள். நரம்பை முள்ளின் கண்ணில் நுழைத்து, ஐந்தாறு சுற்று முறுக்கி, முனையைக் கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் வளையத்துக்குள் விட்டு, எச்சிலில் நனைத்து மெதுவாக இறுக்குங்கள். நனைக்காமல் இழுத்தால் உராய்ந்த சூட்டில் நைலான் பலம் இழந்துவிடும்.

4. இரை

கெளுத்திக்கு மண்புழு. கட்லா, ரோகு போன்ற கெண்டை வகைகளுக்கு மாவு. நம்மூரில் ராகி மாவுக்குப் பஞ்சமில்லை, வாசனைக்கும் நல்லது. ஆனால் ராகியில் பசைத்தன்மை இல்லாததால் தனி ராகி உருண்டை தண்ணீரில் சீக்கிரம் கரைந்துவிடும். பாதிக்குப் பாதி கோதுமை மாவு சேர்த்து, சப்பாத்தி மாவைவிடக் கெட்டியாகப் பிசைந்து, ஈரத் துணியில் சுற்றி எடுத்துப் போங்கள்.

5. தண்ணீரில் இறங்குவது

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு தடவை படியுங்கள்.

முதலில் இறங்க வேண்டுமா என்று யோசியுங்கள். தேக்கத்தில் பெரும்பாலும் கரையிலிருந்தே வீசலாம். கரையோரப் புதர் தடுத்தால், அடி தெளிவாகத் தெரியும் இடத்தில், மீனவர் சரி என்று சொன்ன இடத்தில் மட்டும், முழங்கால் வரை இறங்கலாம். அதற்கு மேல் கூடாது. ஓடும் தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது உங்கள் காலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். முழங்காலில் சும்மா உரசிப்போகும் தண்ணீர் தொடை வரை ஏறினால் ஆளையே சாய்த்துவிடும்.

ரப்பர் செருப்பு பாசிப் பாறையில் வழுக்கும். பழைய கேன்வாஸ் ஷூவை இறுக்கிக் கட்டுங்கள். டிரவுட் பிடிப்பவர்கள் போடும் நீளமான ரப்பர் கால்சட்டை குளிருக்கானது, நமக்குத் தேவையில்லை. நெஞ்சு உயர மூங்கில் கம்பு ஒன்றும் லைஃப் ஜாக்கெட்டும் கட்டாயம் வேண்டும். ஓட்டத்துக்கு உடம்பைப் பக்கவாட்டில் காட்டி, கம்பைத் தண்ணீர் வரும் பக்கம் ஊன்றி, ஒரு கால் நிலையாக நின்ற பிறகு அடுத்த காலை நகர்த்துங்கள். காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்து நகர்த்துங்கள். சேற்றில் கணுக்கால் புதைந்தால் அடுத்த அடி வைக்காமல் வந்த வழியே திரும்புங்கள். தவறி விழுந்து ஓட்டம் இழுத்தால் மல்லாந்து, கால்களை ஓட்டம் போகும் திசையில் நீட்டி, பாறை வந்தால் காலால் உதைத்துக் கரைப்பக்கம் ஒதுங்க வேண்டும்.

முதலை விஷயத்தில் துணிச்சலே கூடாது. ஆழமான, அசைவில்லாத மடுப் பக்கம் இறங்காதீர்கள். விடிவதற்கு முன்பும் பொழுது சாய்ந்த பிறகும் தண்ணீர் ஓரத்தில் உட்காராதீர்கள். தனியாகப் போகாதீர்கள். கூட வருகிறவர் கரையில் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அவருக்கு வேறு வேலை கொடுக்கக் கூடாது.

6. மீன் எங்கே நிற்கும்?

கட்லா மேல்மட்டத்தில் இரை தேடும், ரோகு நடுவில், மிர்கால் அடியில். எனவே தக்கையை ஏற்றி இறக்கி மூன்று ஆழத்திலும் பாருங்கள். ஒரே ஆழத்தில் வைத்துக்கொண்டு மீன் இல்லை என்று கிளம்பிவிட வேண்டாம். கரையோர ஆழமில்லாத மண்ணில் தட்டு அளவுக்கு வட்டவட்டக் குழிகள் தெரிந்தால் அது ஜிலேபி தோண்டிய கூடு. முதல் மீன் அநேகமாக அங்கேதான் கிடைக்கும். ஓடை வந்து தேக்கத்தில் சேரும் இடம், ஓட்டமும் தேக்கமும் சந்திக்கும் கோடு, மூழ்கிய கல்லின் பின்பக்கம் ஆகியவையும் நல்ல இடங்கள். இரையை ஓட்டமே கொண்டுவந்து தரும் என்பதால் மீன் அங்கே அலையாமல் நிற்கும்.

காலை 6.30 முதல் 9.30 வரை, மாலை 4 முதல் 5.30 வரை போதும். நடுப்பகல் வெயிலில் மீனும் ஆழத்துக்குப் போய்விடும், உங்களுக்கும் தலை சுற்றும். குடிநீரோடு ஒரு பாட்டில் ராகிக் கூழும் மோரும் இருந்தால் நல்லது. கோடையில் யானைகள் ஆற்றைத் தேடி வரும். காட்டை ஒட்டிய சாலைகளில் இருட்டில் வண்டி ஓட்டாதபடி நேரத்தை அமைத்துக்கொள்ளுங்கள்.

7. மாட்டிய பிறகு

பெரிய செதிலும் முதுகில் திமிலும் தெரியும் மகசீர் மாட்டினால் கையை நனைத்துக்கொண்டு, தண்ணீருக்குள்ளேயே முள்ளைக் கழற்றி விட்டுவிடுங்கள். முள் கழலவில்லை என்றால் நரம்பை முள்ளுக்கு ஒட்ட வெட்டிவிடுங்கள். காவிரிப் படுகையில் மட்டுமே வாழும் இனம் அது, மிகவும் அருகிவிட்டது என்று 2018-ல் அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் உலகப் பட்டியலில் சேர்க்கப்பட்டிருக்கிறது. அதேபோல் விரால் ஒன்று குஞ்சுக் கூட்டத்துக்குப் பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தால் அதற்குத் தூண்டில் போடாதீர்கள். தாயும் தகப்பனும் காவல் காக்கும் மீன் அது. காவல் போனால் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்று தீர்த்துவிடும்.

வீட்டுக்கு எடுத்துப் போகும் மீனைத் தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் போட்டு மூடுங்கள். கரையில் உட்கார்ந்து சுத்தம் செய்ய வேண்டாம், ரத்த வாடைக்கு முதலை வரும். குடலும் செதிலும் வீட்டில் போய் எடுத்துக்கொள்ளலாம். வெட்டிய நரம்புத் துண்டுகளை ஒரு பழைய பாட்டிலில் அடைத்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கரையில் மேயும் ஆடு மாட்டின் காலில் அது சுற்றினால் அறுத்துவிடும்.