விண்மீன் அரசுக்குச் சட்டமும் காவலும்: கதை எழுதுவோருக்கு மொரீசியஸிலிருந்து ஒரு வழிகாட்டி

பல விண்மீன்களில் பரவி வாழும் ஒரு சமுதாயத்தைக் கற்பனை செய்து கதை எழுதப் புகுவோர் பெரும்பாலும் கொடியையும் அரியணையையும் போர்க்கப்பல்களையும் முதலில் வரைந்துவிட்டு, சட்டத்தையும் காவலரையும் பிறகு ஒட்டவைக்கிறார்கள். அத்தகைய அரசுகள் இருபதாம் பக்கத்திலேயே ஆட்டம் காணும். கடைக்கோடி உலகில் ஒரு கொலை நடந்தால் யார் கைது செய்வார், எந்த நீதிமன்றத்தில் நிறுத்துவார், அவருக்குச் சம்பளம் கொடுப்பது யார் என்ற கேள்விகளுக்கு அவற்றில் விடை இருக்காது. நான் இங்கே விளக்கும் முறை தலைகீழானது: கடைக்கோடி உலகின் காவல் நிலையத்தை முதலில் கட்டி, அங்கிருந்து தலைநகரை நோக்கிப் போக வேண்டும். இம்முறையைக் கற்க எனக்குத் தொலைநோக்கி தேவைப்படவில்லை. முதலில் பாரிஸும் பிறகு லண்டனும் ஆண்ட ஒரு சிறு தீவில் பிறந்தவர்களுக்கு, ஆணை பிறக்கும் இடத்துக்கும் அது நிறைவேற வேண்டிய இடத்துக்கும் நடுவே கிடக்கும் கடல் எத்தகையது என்பது வீட்டுக் கதையாகவே தெரியும்.

முதல் வேலை, ஒரு தாளை எடுத்துத் தொலைவுகளை எழுதுவது. ஒளி வினாடிக்கு 2,99,792 கிலோமீட்டர் செல்கிறது. சூரியனிலிருந்து புறப்படும் ஒளி எட்டு நிமிடங்களுக்குச் சற்று மேலான நேரத்தில் நம்மை அடைந்துவிடும். ஆனால் சூரியனுக்கு அடுத்து மிக அருகிலுள்ள விண்மீனான பிராக்சிமா சென்டாரி 4.24 ஒளியாண்டுத் தொலைவிலும், டௌ செட்டி என்ற இன்னொரு விண்மீன் ஏறத்தாழ 11.9 ஒளியாண்டுத் தொலைவிலும் உள்ளன. உங்கள் கதையின் ஒவ்வோர் உலகத்துக்கும் மூன்று எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: செய்தி போய்ச்சேர ஆகும் காலம், விடை திரும்பிவர ஆகும் காலம், ஒரு மனிதர் நேரில் போய்ச்சேர ஆகும் காலம். இனி எழுதப்போகும் ஒவ்வொரு விதியையும் இந்த மூன்று எண்களின் எதிரே வைத்துப் பார்க்க வேண்டும்.

ஒளியை மிஞ்சும் செய்தித் தொடர்பு உங்கள் கதையில் உண்டா, இல்லையா என்பதை இந்தக் கட்டத்திலேயே முடிவு செய்துவிடுங்கள். ஒளியை மிஞ்சும் கப்பலைவிட இதுவே ஆட்சியின் அமைப்பை அதிகமாக மாற்றும். சான்சிபாரிலிருந்து செய்செல்ஸ் வழியாகக் கடலடித் தந்திக் கம்பி 1893 இல் மொரீசியஸுக்கு வந்துசேர்ந்தது. அதற்கு முன் ஆளுநர் லண்டனைக் கேட்டு விடை பெற மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்ததால், அவசரக் காரியங்களைத் தாமே முடித்துவிட்டுப் பிறகு காரணம் எழுதி அனுப்பினார். கம்பி வந்த பிறகு, பதவிப் பெயர் மாறாமலே, அவர் கேட்டுச் செய்பவராக மாறினார். கப்பல்கள் மட்டும் வேகமாகி, செய்தியும் அந்தக் கப்பல்களிலேயே போகும் உலகமானால், கப்பல் தலைவர்கள் அரைகுறை அமைச்சர்களாகிவிடுவார்கள். அது கதைக்கு நல்லது.

அடுத்தது, இவ்வழிகாட்டியின் நடுப்பகுதி: தலைநகரின் ஆணை தொலைவுலகில் யார் கையால் நிறைவேறும்? இதற்கு விடை சொல்லாமல் மேலே போக வேண்டாம். எங்கள் தீவின் இரண்டு நிகழ்ச்சிகளை அருகருகே வைத்துப் பாருங்கள். பிரெஞ்சுப் புரட்சி அரசு 1794 பிப்ரவரி 4 அன்று தன் குடியேற்றங்களில் அடிமை முறையை ஒழித்து ஆணை பிறப்பித்தது. அதை நிறைவேற்ற பாக்கோ, பியூர்னெல் என்ற இரு முகவர்கள் போர்க்கப்பல்களுடன் இங்கே வந்துசேர்ந்தபோது 1796 ஆகிவிட்டது. வந்த சில நாட்களுக்குள், அடிமைகளை வைத்திருந்த குடியேறிகள் அவர்களை மீண்டும் கப்பலில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். ஆணை துறைமுகத்தைத் தாண்டவில்லை. ஏறத்தாழ முப்பத்தாறு ஆண்டுகளுக்குப் பிறகு, பிரித்தானியர் ஆட்சியில், அடிமை முறையை எதிர்ப்பவர் என்று பெயர் பெற்றிருந்த ஜான் ஜெரமி தலைமை அரசு வழக்கறிஞராக 1832 இல் வந்து இறங்கினார். தோட்ட முதலாளிகள் கடைகளை அடைத்தார்கள், ஊர் வேலை நின்றது, ஆளுநரே அவரைத் திருப்பி அனுப்பும்படி ஆயிற்று. மறு ஆண்டு அவர் படைத் துணையுடன் திரும்பி வந்தார். ஆனாலும் 1835 பிப்ரவரி 1 அன்று அடிமை முறை முடிவுக்கு வந்ததற்குப் படை மட்டும் காரணம் அன்று. உரிமையாளர்களுக்கு இருபது லட்சம் பவுனுக்கு மேல் இழப்பீடு ஒதுக்கப்பட்டிருந்தது. அடிமைகளாக இருந்தவர்களுக்கு ஒரு காசும் இல்லை.

இந்த இரண்டையும் உங்கள் கதைக்குள் கொண்டுபோகும் வழி இது. தலைநகர் பிறப்பிக்கும் ஒவ்வொரு பெரிய ஆணைக்கும், அதனால் நட்டமடையும் உள்ளூர்ப் பெருந்தனக்காரர் யார், அவர் கையில் இருப்பது உணவா, துறைமுகமா, காற்று உற்பத்தி ஆலையா என்று எழுதுங்கள். பிறகு, ஆணையுடன் வரும் அதிகாரி தங்கும் வீடு யாருடையது, அவருடைய சம்பளப் பட்டுவாடா எந்தக் கருவூலத்திலிருந்து நடக்கிறது, அவர் மகள் எந்த வீட்டில் மணம் பேசப்படுகிறாள் என்பதையும் எழுதுங்கள். மூன்றாம் கேள்வியைக் கேட்டு நகைக்க வேண்டாம். தொலைவுலகில் சட்டம் வளைவது பெரும்பாலும் இலஞ்சத்தால் அன்று, உறவால். ஆணை நிறைவேற வேண்டுமானால் படை, பணம், உள்ளூர்க் கூட்டாளி ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டையேனும் தலைநகர் அனுப்பியாக வேண்டும். ஒன்றையும் அனுப்பாத தலைநகரை எழுதினால், அதன் ஆணை துறைமுகத்திலேயே கிடக்கட்டும்.

உள்ளூர்க் கூட்டாளி என்பவரை மறவாமல் படைக்க வேண்டும். ஒப்பந்தக் கூலிகள் வேலை செய்த எங்கள் கரும்புத் தோட்டத்தில் வெள்ளைக்கார மேலாளருக்கும் தமிழ்த் தொழிலாளிக்கும் நடுவே சர்தார் என்ற கங்காணி நின்றார். அவரும் கடல் கடந்து வந்தவர்தாம். ஆள் கணக்கு எடுத்தவரும், வராதவர் பெயரைச் சொன்னவரும், ஊருக்கு ஆள் பிடிக்கத் திரும்பிப் போனவரும் பல நேரங்களில் அவரே. விண்மீன் அரசிலும் சீருடை அணிந்த காவலரைவிட இத்தகைய இடைமனிதரே மக்களுக்கு அரசாகத் தெரிவார். அவரை வெறும் கொடியவராக எழுதுவது சோம்பேறித்தனம். அவருக்கும் இரு பக்கமும் பதில் சொல்ல வேண்டிய நெருக்கடி உண்டு.

சட்டத்தை எழுதும்போது, ஒரே சட்டத் தொகுப்பு எல்லா உலகங்களுக்கும் பொருந்தும் என்று தொடங்க வேண்டாம். 1810 டிசம்பரில் பிரித்தானியர் இத்தீவைக் கைப்பற்றியபோது, சரணடைவு உடன்படிக்கையே குடிமக்களின் சமயத்தையும் சட்டங்களையும் வழக்கங்களையும் காத்தது. அதன் விளைவாக இன்றும் எங்கள் குடிமைச் சட்டம் நெப்போலியன் தொகுப்பின் வழியில் வந்தது. நீதிமன்ற நடைமுறையும் சாட்சிய விதிகளும் பெரும்பாலும் ஆங்கிலேய வழி. சாட்சி கிரியோல் மொழியில் பேசுவார், பதிவு ஆங்கிலத்தில் எழுதப்படும், மேற்கோள் காட்டப்படும் சட்டப் பிரிவு பிரெஞ்சிலிருந்து வந்ததாக இருக்கும், நீதிமன்ற வாசலில் காத்திருக்கும் பாட்டி முருகனைத் தமிழில் கூப்பிடுவார். நாடு 1968 இல் விடுதலை பெற்று 1992 இல் குடியரசான பின்னும், இறுதி மேல்முறையீடு லண்டனிலுள்ள மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சிலுக்கே போகிறது. எனவே உங்கள் ஒவ்வோர் உலகத்துக்கும், எந்தச் சட்டம் யாரிடமிருந்து எஞ்சி நிற்கிறது, கைது எந்த மொழியில் நடக்கிறது, தீர்ப்பு எந்த மொழியில் எழுதப்படுகிறது என்று மூன்று வரி எழுதுங்கள். ஆட்சி மாறியும் மேல்முறையீடு பழைய தலைநகருக்கே போகும் ஓர் உலகைப் படைத்தால், படிப்பவர் அதை உடனே நம்புவார்.

மொழி வரிசையைச் சிறு விஷயம் என்று ஒதுக்கவும் வேண்டாம். 1998 இல் வெளியான புதிய ரூபாய்த் தாள்களில் தமிழ் எழுத்து இந்திக்குக் கீழே போனதால் தமிழர் கிளர்ந்தெழுந்தார்கள். தாள்கள் திரும்பப் பெறப்பட்டன. விண்மீன் அரசின் நாணயத்தில் எந்த உலகின் எழுத்து மேலே இருக்கும் என்று நீங்கள் முடிவு செய்துவிட்டால், பாதி அரசியல் தானே எழுதிக்கொள்ளும்.

காவல்துறை ஒருவரைப் பிடிக்க வேண்டுமானால் அவரை அடையாளம் தெரிய வேண்டும். ஆகவே பதிவேட்டை வடிவமைப்பது அடுத்த வேலை. மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் காக்கப்படும், ஒப்பந்தக் கூலிகளாக வந்த குடியேறியோரின் பதிவேடுகளை மாதிரியாகக் கொள்ளலாம்: எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர், அங்க அடையாளம், வந்த கப்பல். எழுத்தரின் காதில் விழுந்தபடி முத்து என்பவர் மூட்டூ ஆனார். அந்தப் பிழையே இன்று குடும்பப் பெயர். உங்கள் அரசு தன் குடிகளைப் பற்றி என்னென்ன கட்டங்களை நிரப்புகிறது, எந்தக் கட்டம் எப்போதும் தவறாக நிரப்பப்படுகிறது என்று யோசியுங்கள்.

பதிவேட்டிலிருந்து கொடுமை பிறக்கும் வழியும் இங்கேதான் தெரியும். 1867 ஆம் ஆண்டுச் சட்டம், ஒப்பந்தம் முடிந்து விடுதலையான பழைய குடியேறிகளும் ஒளிப்படம் ஒட்டிய சீட்டை எப்போதும் வைத்திருக்க வேண்டும் என்றது. சீட்டு இல்லாதவர் நாடோடி என்று பிடிக்கப்பட்டார். ஒரு நாள் வேலைக்கு வராதவருக்கு இரண்டு நாள் கூலி வெட்டப்பட்டது. காவலருக்குக் கொள்ளைக்காரரைத் தேடுவதைவிடச் சீட்டு இல்லாதவரைப் பிடிப்பது எளிது என்பதை உங்கள் விண்மீன் காவலரும் விரைவில் கண்டுகொள்வார். இதை எதிர்த்து 1871 இல் 9,401 பழைய குடியேறிகள் கையொப்பமிட்ட மனுவை எழுத அடால்ஃப் தெ ப்லெவித்ஸ் என்ற ஐரோப்பியர் உதவினார். 1872 இல் அதை விசாரிக்க அரச ஆணையம் வந்தது. அதன் அறிக்கை 1875 இல் வெளியானது. மனு, ஆணையம், அறிக்கை ஆகியவற்றுக்கு நடுவே கழிந்த ஆண்டுகளில் அந்த மனுதாரர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதுதான் நாவல். உங்கள் அரசில் முறையிடும் வழி எது, மனுவை எழுதித் தரத் துணியும் வெளியாள் யார் என்று கட்டாயம் தீர்மானியுங்கள்.

இனி, கடலில் இல்லாத ஒரு சிக்கல்: கடிகாரம். ஒளியின் வேகத்தில் 99 விழுக்காட்டில் செல்லும் கப்பலில் ஓர் ஆண்டு கழியும்போது வெளியே ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் கழியும். டௌ செட்டியில் ஒரு கொலை நடந்து, செய்தி சூரியனுக்கு வந்து, முப்பது வயதுப் புலனாய்வாளர் அன்றே புறப்படுகிறார் என்று கொள்ளுங்கள். அவர் போய்ச்சேரும்போது கொலை நடந்து ஏறத்தாழ இருபத்து நான்கு ஆண்டுகள் ஆகியிருக்கும்; அவருக்கோ இன்னும் முப்பத்திரண்டு வயது ஆகியிருக்காது. சாட்சிகள் முதியவர்கள், குற்றவாளி தாத்தா. மாறாக, குற்றவாளி அதே வேகக் கப்பலில் தப்பிப் போய்த் திரும்பி வந்தால், வழக்குத் தொடரும் காலவரம்பு வெளியே முடிந்துபோகும், அவர் மூன்றரை ஆண்டே மூத்திருப்பார். ஆகவே சட்டத்தின் முதற்பிரிவே யாருடைய கடிகாரம் எதற்குச் செல்லும் என்று சொல்ல வேண்டும். என் யோசனை: காலவரம்பு குற்றவாளியின் உடல் கடிகாரப்படியும், தண்டனை கைதியின் கடிகாரப்படியும், அதிகாரியின் பதவிக்காலம் அவர் ஆளும் உலகின் கடிகாரப்படியும் ஓடட்டும். ஐந்தாண்டு ஒப்பந்தக் கூலிகளின் பேரர்களாகிய நாங்கள் இன்னொன்றையும் சேர்ப்போம்: ஒப்பந்தக் காலத்தைக் கணக்கிடும் கடிகாரம் முதலாளியின் கையில் இருக்கக் கூடாது.

கப்பலுக்குள் நடக்கும் குற்றத்துக்கு அதிகம் தலையைப் பிய்த்துக்கொள்ளத் தேவையில்லை. 1967 விண்வெளி உடன்படிக்கையின் எட்டாம் பிரிவு, விண்கலத்தைப் பதிவு செய்த நாட்டுக்கே அதன் மீதும் அதிலுள்ளோர் மீதும் அதிகாரம் என்கிறது, அதையே நீட்டிக்கலாம்.

காவல்துறையையும் படையையும் பிரிப்பதா என்பது எண்ணிக்கையைப் பொறுத்தது. மொரீசியஸுக்கு நிலையான இராணுவம் இல்லை. சிறப்பு நடமாடும் படையும் கடலோரக் காவலும் காவல்துறையின் கிளைகளே. சிறு மக்கள்தொகை கொண்ட உலகத்துக்கு இது போதும், ஆனால் கலகத்தை அடக்குபவரும் திருட்டைத் துப்பறிபவரும் ஒரே ஆணையரின் கீழ் இருப்பதன் விலையையும் கதை காட்ட வேண்டும். தலைமை உலகத்தின் துணை உலகங்களுக்கு மொரீசியஸைச் சேர்ந்த ரொட்ரீக்ஸ் தீவு நல்ல மாதிரி: 2001 ஆம் ஆண்டுச் சட்டம் அத்தீவுக்குத் தனி மண்டலப் பேரவையைத் தந்தது, நாடு ஒன்றாகவே இருக்கிறது.

எல்லாம் எழுதியானதும் ஒரே ஒரு சோதனை செய்யுங்கள். கடைக்கோடி உலகில் ஒரு ஞாயிறு இரவு, சர்தார் ஒருவர் அடித்து ஒரு தொழிலாளி இறந்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். விதவை காவல் நிலையத்துக்கு நடந்து வருகிறார். நிலையத்தில் இருக்கும் காவலர் சர்தாரின் மைத்துனர். அவர் எந்தப் படிவத்தை எடுக்கிறார், எந்த மொழியில் கேட்கிறார், தலைநகரைக் கேட்காமல் அவரால் என்ன செய்ய முடியும், அவர் ஒன்றும் செய்யாவிட்டால் அந்தப் பெண் அடுத்து எந்தக் கதவைத் தட்டுவார் என்று ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். பேனா எந்த இடத்தில் நிற்கிறதோ, அந்த இடத்துக்குரிய விதியை இன்னும் நீங்கள் எழுதவில்லை. தொலைவுத் தாளை மறுபடி எடுத்து அங்கிருந்து தொடங்குங்கள்.