செவன்த் கார்டில் எந்த ஸ்வரத்தை விடலாம்?

கார்டு என்பது ஒன்றாக வாசிக்கும் ஸ்வரங்களின் கூட்டம். ஜி7 என்ற செவன்த் கார்டில் நான்கு ஸ்வரங்கள்: ஜி, பி, டி, எஃப். கீபோர்டின் கீழ்ப்பகுதியில் நான்கையும் ஒன்றாக அழுத்திப் பாருங்கள், குழம்பிய சத்தம்தான் வரும். இப்போது டி-யை விட்டுவிட்டு ஜி, எஃப், மேலே பி என்று விரித்து வாசியுங்கள். அதே ஜி7தான், ஆனால் ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாகக் கேட்கும்.

முதலில் விடவேண்டியது ஃபிஃப்த் (ஜி-யிலிருந்து எண்ணினால் ஐந்தாவது ஸ்வரம்), அதாவது இங்கே டி. ஜி ஒலிக்கும்போதே அதன் மூன்றாவது ஹார்மோனிக்காக (ஒரு ஸ்வரத்தோடு தானாகவே எழும் மேல் ஒலி) டி-யும் மெலிதாக ஒலிப்பதால் காது அதைத் தேடாது.

தேர்டையும் (இங்கே பி) செவன்த்தையும் (எஃப்) மட்டும் தொடாதீர்கள். பி அரை ஸ்வரம் இறங்கினால் ஜி மைனர் 7, எஃப் அரை ஸ்வரம் ஏறினால் ஜி மேஜர் 7. கார்டின் குணமே இந்த இரண்டில்தான் இருக்கிறது.

சரி, ரூட், அதாவது கார்டுக்குப் பெயர் தரும் ஜி? பேஸ் கிட்டார் வாசிக்க ஆள் இருந்தால் அதையும் தாராளமாக விடலாம். தனியாக வாசிக்கிறீர்கள் என்றால் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இதே பி-யும் எஃப்-பும் டி ஃபிளாட் 7 கார்டிலும் தேர்டும் செவன்த்துமாக வருகின்றன.

இனி கிட்டாரை எடுங்கள். டி மைனர் 7-க்கு ஐந்தாவது கம்பியில் 5-வது ஃப்ரெட், நான்காவதில் 3, மூன்றாவதில் 5. அப்புறம் ஜி7: ஆறாவது கம்பியில் 3, நான்காவதில் 3, மூன்றாவதில் 4. ஆறாவது கம்பியை அழுத்தும் விரலின் நுனி ஐந்தாவது கம்பியை லேசாகத் தொட்டு அதை ஒலிக்காமல் நிறுத்த வேண்டும், பலருக்கும் தகராறு இங்கேதான். கடைசியாக சி மேஜர் 7: ஐந்தாவதில் 3, நான்காவதில் 2, மூன்றாவதில் 4. மூன்றையும் மெதுவாக மாற்றி மாற்றி வாசித்தால், முதல் மாற்றத்தில் மூன்றாவது கம்பியும் அடுத்ததில் நான்காவது கம்பியும் ஒரே ஒரு ஃப்ரெட் இறங்குவது கேட்கும். எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் அதுதான்! 1937-இல் கவுன்ட் பேஸியின் ஜாஸ் குழுவில் சேர்ந்த கிட்டார் கலைஞர் ஃப்ரெடி கிரீன் பெரும்பாலும் இப்படி மூன்று ஸ்வரங்களிலோ அதற்கும் குறைவாகவோ வாசித்தே முழு ஜாஸ் குழுவுக்கும் ரிதம் கொடுத்தார்.

ஒரு எச்சரிக்கை. பி ஹாஃப் டிமினிஷ்டு என்பது பி மைனர் 7-இன் ஃபிஃப்த்தை அரை ஸ்வரம் இறக்கிய கார்டு; அதில் ஃபிஃப்த்தை விட்டால் அதற்கும் பி மைனர் 7-க்கும் வித்தியாசமே இருக்காது. ஃபிஃப்த் இறங்கிய டிமினிஷ்டு, ஃபிஃப்த் ஏறிய ஆக்மென்டட் கார்டுகளிலும் அதை விடாதீர்கள்.

கை பழகியதும் மூன்று கார்டுகளையும் இரண்டு ஃப்ரெட் மேலே நகர்த்துங்கள்: ஈ மைனர் 7, ஏ7, டி மேஜர் 7.